திரைக்குப் பின்னால் நடந்தவை: ‘அந்த நாள்’ திரைப்படம் பற்றிய ஒரு நோக்கு

1

சினிமா குறித்து நம்மிடையே வழங்கும் பேச்சிலும் எழுத்திலும் பெரும்பகுதி, திரைக்குப் பின்னால் நடந்த செய்திகளாகவே அமைந்துவிடுகின்றது. எந்த நடிகருக்குப் பதிலாக எவர் நடித்தார், தயாரிப்பாளருக்கும் இயக்குநருக்கும் எதனாற் பிணக்கு ஏற்பட்டது, எத்தனை அடி நீளமான படச்சுருள் வீணாயிற்று என்பன போன்ற துணுக்குகள் சில வேளைகளிற் படத்தைவிட நீண்ட ஆயுளுடையனவாய் உள்ளன. ஆய்வாளர் இவற்றை வம்பென ஒதுக்குவர். இரசிகர் இவற்றையே வரலாறெனக் கொள்வர். இரண்டு நிலைப்பாடுகளும் முழுமையற்றவை என்பதே எமது கருத்தாகும். ஒரு கலைப்படைப்பு எவ்வாறு ஆக்கப்பட்டது என்னும் வினாவை, அது யாருடைய உழைப்பால், யாருடைய பணத்தில், எந்தச் சந்தைக்காக ஆக்கப்பட்டது என்னும் வினாவிலிருந்து பிரித்தல் இயலாது. துணுக்கு என்பது உற்பத்தி உறவுகள் பற்றிய செய்தி; ஆனால் தனிமனிதரின் கோபதாபமாகத் திரிந்து நம்மை வந்தடையும் செய்தி. அதனை மீண்டும் அதற்குரிய இடத்தில் வைத்துப் பார்ப்பது விமரிசகனின் கடமைகளுள் ஒன்றாகும்.

இந்நோக்கில் நாம் ஈண்டு எடுத்துக்கொள்வது ‘அந்த நாள்’ என்னும் தமிழ்த் திரைப்படத்தை. ஏ.வி.எம். நிறுவனத்தின் தயாரிப்பாக, எஸ். பாலசந்தரின் இயக்கத்தில், 1954ஆம் ஆண்டு ஏப்பிரல் 13ஆந் திகதி இது வெளியாயிற்று. பாடலும் நடனமும் சண்டைக் காட்சியும் இன்றி வெளிவந்த முதலாவது தமிழ்ப் படம் என்ற அளவில் இதனைக் குறிப்பிடாத திரைப்பட வரலாறு இல்லை. ஆயினும், அவ்வளவோடு இதனைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் நின்றுவிடுகின்றது.

அண்மையில் இப்படத்தை நாம் மீண்டும் பார்த்தது முள்ளியவளையில், ஒரு வாசிகசாலை மண்டபத்தில். உயர்தர வகுப்பு மாணவர் சிலரும் அயலவர் சிலரும் உடனிருந்தனர். படம் முடிந்ததும் மாணவர் கேட்டவையெல்லாம் துணுக்கு வகையைச் சேர்ந்த வினாக்கள். சிவாஜி கணேசன் ஏன் இப்படியொரு வேடத்தை ஏற்றார்? முதலில் வேறொருவரை வைத்து எடுத்தார்கள் என்பது உண்மையா? பாட்டில்லாமற் படம் ஓடிற்றா? வயதில் மூத்த அம்மையார் ஒருவர் மட்டும் வேறொன்று கேட்டார்: “அவனைப் பிடிச்சுக் குடுத்திருக்கலாந்தானே தம்பி, ஏன் சுட்டவள்?” மாணவரின் வினாக்களுக்கும் அம்மையாரின் வினாவுக்கும் தொடர்பில்லை போலவே அன்று எமக்குப் பட்டது. அவை ஒரே வினாவின் இரு பக்கங்கள் என்பதைக் காட்ட முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

முதற்கண் மாணவரின் வினாக்களை நோக்குவோம்.

படம் எடுக்கப்பட்டபோது பாலசந்தருக்கு வயது இருபத்தேழு. பின்னாளில் வீணை வித்துவானாக உலகப் புகழ் பெற்ற அதே பாலசந்தரே இவர். யப்பானிய நெறியாளர் அகிரா குரோசாவாவின் ‘றஷோமோன்’ (1950) படத்தைத் திரைப்பட விழாவொன்றிற் பார்த்து, அதன் கதைசொல்லும் முறையாற் கவரப்பட்டு, ஒரு நாடகத்தை அவர் எழுதினார் என்றும், அகில இந்திய வானொலி அதனை ஏற்க மறுத்தது என்றும், பின்னரே அது ஏ.வி. மெய்யப்பனிடம் கதையாகச் சொல்லப்பட்டது என்றும் கூறப்படுகின்றது. திரைக்கதை வசனத்தை எழுதிய ஜாவர் சீதாராமன், படத்தில் துப்பறியும் அதிகாரி சிவானந்தமாகவும் தோன்றினார்.

கதாநாயகன் பாத்திரத்துக்கு முதலிற் கருதப்பட்டவர் எஸ்.வி. சகஸ்ரநாமம். வயது பொருந்தவில்லை என அவர் கைவிடப்பட்டார். அடுத்து, கல்கத்தாவிற் கல்லூரி ஆசிரியராயிருந்த என். விசுவநாதன் என்னும் புதியவரை வைத்துப் படப்பிடிப்பு கணிசமான அளவு நடைபெற்றது. எடுத்தவற்றைப் பார்த்த மெய்யப்பன் நிறைவடையவில்லை. சிவாஜி கணேசனை வைத்து மீண்டும் எடுக்கும்படி அவர் கூற, பாலசந்தர் மறுத்தார். இயக்குநருக்குரிய ஊதியத்தை முழுமையாகக் கொடுத்துவிட்டு, எடுத்த படச்சுருளை எரித்துவிடப் போவதாக மெய்யப்பன் கூறினார் என்பதும், அதன் பின்னரே பாலசந்தர் இணங்கினார் என்பதும் பரவலாக வழங்கும் செய்திகளாகும். கைவிடப்பட்ட விசுவநாதன், 1962இல் வெளியான சத்யஜித் ராயின் ‘காஞ்சன்ஜங்கா’ படத்தில் முக்கியமான பாத்திரமொன்றை ஏற்றார் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. அவரிடம் திறமை இல்லாதிருந்தது என்ற விளக்கம் போதாது என்பதை இது காட்டுகின்றது.

இச்செய்திகளை இரசிகர் மெய்யப்பனின் பிடிவாதமாகவோ, அவரது தொழிற் கூர்மையாகவோ பேசிக்கொள்வர். நாம் கவனிக்க வேண்டியது வேறு. படச்சுருளை எரிக்கலாம் என்று கூறும் உரிமை ஒருவருக்கு எங்கிருந்து வருகின்றது? அதனை ஆக்கிய இயக்குநருக்கோ, ஒளிப்பதிவாளர் எஸ். மாருதி ராவுக்கோ, நடித்தவருக்கோ அந்த உரிமை இல்லை. பலரது கூட்டு உழைப்பின் விளைபொருள், உழைத்தோரிடமிருந்து பிரிந்து, முதலிட்டவரின் தனியுடைமையாக அவர்கள் முன்னே நிற்கின்றது. ஊதியத்தைக் கொடுத்துவிட்டாற் கணக்குத் தீர்ந்தது என்பது அவ்வுறவின் தருக்கம். அந்நியமாதல் பற்றி நாம் நூல்களிற் படிப்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

இன்னொரு செய்தியையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். 1952இல் ‘பராசக்தி’ ஏ.வி.எம். படப்பிடிப்பு நிலையத்தில் உருவானபோது, புதுமுகமாயிருந்த சிவாஜி கணேசன் அப்பாத்திரத்துக்குப் பொருந்தார் என மெய்யப்பன் கருதினார் என்பதும், பங்குத் தயாரிப்பாளர் பெருமாள் உறுதியாய் நின்றமையாலேயே அவர் நிலைத்தார் என்பதும் நன்கறியப்பட்டவை. இரண்டே ஆண்டுகளில் அதே நடிகர் இல்லாமற் படமில்லை என்னும் நிலை தோன்றியது. இடையில் மாறியது நடிப்புத் திறன் அன்று, சந்தை மதிப்பே. ‘பராசக்தி’யின் வெற்றி சிவாஜி கணேசன் என்னும் மனிதரை ஒரு முதலீட்டுப் பாதுகாப்பாக மாற்றியிருந்தது. பாடலற்ற படமென்னும் ஆபத்தான முயற்சிக்கு அத்தகைய பாதுகாப்பு முதலாளிக்குத் தேவைப்பட்டது.

பாடலின்மையின் பொருளும் இங்கு துலங்குகின்றது. மெய்யப்பனின் தொழில்வாழ்வு இசைத்தட்டு வணிகத்திலே தொடங்கியது. சரஸ்வதி ஸ்ரோர்ஸ் என்னும் இசைத்தட்டு நிறுவனத்தின் வழியாகவே அவர் படத்துறைக்கு வந்தார். பாடல், படத்தோடு சேர்த்தும் படத்திலிருந்து பிரித்தும் விற்கத்தக்க ஒரு பண்டம். இசைத்தட்டு வணிகரின் நிறுவனத்திலிருந்து, ஓர் இசைக் கலைஞரின் கையால், பாடலற்ற படம் வெளிவந்தமை முரண்போலத் தோன்றும். உண்மையில், இசையின் பெறுமதியை நன்கறிந்த ஒருவரே அதனைப் பண்டமாகப் பயன்படுத்த மறுத்தார் எனல் பொருந்தும். சந்தை இதனை மன்னிக்கவில்லை. படம் தேசிய திரைப்பட விருதுகளில் தகுதிச் சான்றிதழ் பெற்றது. வசூலிற் பெருவெற்றி பெறவில்லை. தமிழ்த் திரையுலகம் இவ்வழியைப் பின்பற்றவுமில்லை.

3

இனிப் படத்தினுள்ளே செல்வோம். 1943ஆம் ஆண்டு ஒக்டோபர் 11ஆந் திகதி இரவு யப்பானிய விமானம் சென்னை மீது குண்டு வீசியது. அதனையடுத்த காலைப்பொழுதில், ராஜன் என்னும் வானொலிப் பொறியியலாளன் தன் வீட்டிற் சுடப்பட்டு இறந்து கிடக்கின்றான். அயல்வீட்டுச் சின்னையா, தம்பி பட்டாபி, பட்டாபியின் மனைவி ஹேமா, ராஜனோடு தொடர்புடைய நடனக்காரி அம்புஜம், மனைவி உஷா ஆகியோரைத் துப்பறியும் அதிகாரி விசாரிக்கின்றார். ஒவ்வொருவரும் தாம் கண்ட ராஜனைப் பற்றிக் கூறுகின்றனர். ஈற்றில் ராஜன் யப்பானிய ஒற்றன் என்பதும், தேசபக்தையான அவன் மனைவியின் கைத்துப்பாக்கிக்கே அவன் இரையானான் என்பதும் வெளியாகின்றன.

ராஜன் ஏன் ஒற்றனானான் என்பதற்குப் படம் காரணம் கூறாமல் விடவில்லை. அவன் கெட்டிக்காரன், வானொலித் துறையில் ஆய்வுத்திறன் உடையவன். அத்திறனுக்கு நாட்டில் ஆதரவு கிட்டவில்லை. அந்தக் கசப்பே அவனை வேறிடம் நோக்கச் செய்கின்றது. தன் ஆக்கத்திறனை விலைகொடுத்து வாங்குவாரிடம் அவன் அதனை விற்கின்றான்.

இவ்விடத்திலேதான் திரைக்குப் பின்னாலுள்ள செய்தியும் திரையிலுள்ள கதையும் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. வானொலி நிலையம் ஏற்க மறுத்த நாடகத்தின் ஆசிரியன், வானொலித் துறையிற் புறக்கணிக்கப்பட்ட ஒருவனைப் பற்றிய படத்தை எடுக்கின்றான். புதியதொன்றை ஆக்கவல்ல ஒருவன், அதனை நிறைவேற்றும் சாதனங்களை உடையவரிடம் கையேந்தி நிற்க வேண்டியிருப்பதே இரு கதைகளுக்கும் அடிப்படை. பாலசந்தர் தம் அனுபவத்தை வேண்டுமென்றே ராஜன் மீது ஏற்றினார் என நாம் வாதிடவில்லை. தனிமனிதரின் உள்ளக்கிடக்கை எமது அக்கறையன்று. 1940களிலும் 50களிலும் இந்தியாவில் வளர்ச்சிபெற்ற தேசிய முதலாளித்துவத்துக்கும், அதன் கீழ் வாழ்ந்த கல்வி கற்ற மத்தியதர வர்க்கத்துக்கும் இடையிலிருந்த முரண்பாடு, படத்திலும் படப்பிடிப்பு நிலையத்திலும் ஒரே வடிவிற் தொழிற்பட்டது என்பதையே சுட்டுகின்றோம்.

வன்னிப் பார்வையாளருக்கு ராஜன் முற்றிலும் அந்நியனல்லன். பொருளாதாரத் தடையினால் மின்சாரமும் மின்கலங்களும் இல்லாதிருந்த 1990களில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்கள் இப்பகுதியினர். வானொலிப் பெட்டியைத் திறந்து மூடத் தெரிந்த இளைஞன் ஒவ்வோர் ஊரிலும் இருந்தான். அவனது கைத்திறனை மெச்சிய அதே கண்கள், அவன் யாருக்கு வேலை செய்கின்றான் என்ற ஐயத்தோடும் அவனைப் பார்த்ததுண்டு.

படத்தின் உருவத்தையும் சிறிது நோக்குதல் வேண்டும். ‘றஷோமோன்’ படத்தோடு இதனை ஒப்பிடுவது மரபு; அந்தனி அஸ்குவித்தின் ‘த வுமன் இன் குவெஸ்ரியன்’ (1950) என்னும் ஆங்கிலப் படத்தோடு ஒப்பிடுவாரும் உளர். ஒற்றுமையினும் வேற்றுமையே எமக்கு முக்கியமாகப் படுகின்றது. ‘றஷோமோன்’ படத்திற் சாட்சிகள் ஒருவரையொருவர் மறுக்கின்றனர். உண்மை எதுவென உறுதிப்படுத்தும் அதிகாரம் எவருக்கும் வழங்கப்படவில்லை. ‘அந்த நாள்’ படத்திலோ, பல கூற்றுகளும் இறுதியிற் பொலிசு அதிகாரியின் மேசையில் ஒன்றாகத் தொகுக்கப்படுகின்றன. உண்மை ஒன்றே, அதனைக் கண்டறிவது அரசு. தாழ்ந்த கோணங்களாலும் நீண்ட நிழல்களாலும் மாருதி ராவின் ஒளிப்பதிவு நம்முள் எழுப்பும் ஐயத்தை, கதையின் முடிவு அகற்றிவிடுகின்றது. அமெரிக்கக் குற்றப்படங்கள் சிலவற்றை 1946இற் பிரெஞ்சு விமரிசகர் ‘நுவார்’, அதாவது கறுப்பு, என அழைத்தனர். அக்கறுப்பின் காட்சிமொழியைத் தமிழுக்குக் கொணர்ந்த இப்படம், அதன் கருத்துநிலையைக் கொணரத் தயங்கியது எனலாம்.

4

அத்தயக்கத்தின் வரலாற்றுக் காரணத்தை ஆராய்வது அவசியம். கதை நிகழும் 1943இல் சென்னையை ஆண்டது பிரித்தானிய அரசு. துப்பறியும் சிவானந்தம் அவ்வரசின் உத்தியோகத்தன். முந்திய ஆண்டு ஓகஸ்ற் போராட்டத்தில் தேசபக்தரைச் சிறையிட்டதும் அதே பொலிசே. ஆனாற் படம் எடுக்கப்பட்ட 1954இல், ஆட்சி இந்திய முதலாளி வர்க்கத்தின் கைக்கு வந்து ஏழாண்டுகள் கழிந்திருந்தன. எனவே குடியேற்ற நாட்டுப் பொலிசும் சுதந்திர நாட்டின் தேசியமும் படத்தில் எவ்விதச் சங்கடமுமின்றி ஒன்றாகிவிடுகின்றன. உஷாவின் தேசபக்தியும் சிவானந்தத்தின் உத்தியோகக் கடமையும் ஒரே திசையிற் செல்கின்றன.

வரலாறு இவ்வளவு இலகுவானதாக இருக்கவில்லை. சென்னையிற் குண்டு விழுந்த பத்தாம் நாள், 1943 ஒக்டோபர் 21இல், சுபாஸ் சந்திரபோஸ் சிங்கப்பூரிற் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசைப் பிரகடனஞ் செய்தார். யப்பானின் துணையோடு இயங்கிய அவரது படையில் மலாயாத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர் பலர் சேர்ந்தனர். பிரித்தானிய அரசு அப்படையினரைத் துரோகிகள் என்றது. 1945இன் இறுதியிற் செங்கோட்டையில் விசாரணை தொடங்கியபோது, காங்கிரசுத் தலைவர்களே அவர்களுக்காக வழக்காட முன்வந்தனர். இரண்டாண்டுகளிற் துரோகி தியாகியானான்.

நமது நாட்டு நிலைமையும் இதனை ஒத்ததே. 1942 ஏப்பிரலிற் கொழும்பிலும் திருகோணமலையிலும் யப்பானியக் குண்டுகள் விழுந்தன. ஏகாதிபத்தியப் போரென யுத்தத்தை எதிர்த்துச் சிறையிருந்த சமசமாசக் கட்சித் தலைவர்கள், அம்மாதத்திலேயே கண்டியிற் சிறையிலிருந்து தப்பிப் பின்னர் இந்தியா சென்றனர். 1943இல் தோன்றிய கம்யூனிஸ்ற் கட்சியோ, சோவியத் யூனியன் தாக்கப்பட்டபின் அதனைப் பாசிசத்துக்கு எதிரான மக்கள் போராகக் கண்டு ஆதரித்தது. ஒரே மார்க்சியத்தைப் பயின்றவர்கள் ஒருவரையொருவர் துரோகி என்றனர். இதனை நாம் பெருமையோடு நினைவுகூரவில்லை. துரோகம் என்பது ஒருவனது இயல்பன்று. குறிப்பிட்ட கணத்தில், குறிப்பிட்ட அதிகாரம் வழங்கும் தீர்ப்பு என்பதை எம்மவரின் வரலாறே எமக்குக் கற்பிக்கின்றது.

இவ்வாறு கூறுவதாற் பாசிச ஒற்றனுக்கு நாம் பரிந்துரைப்பதாகக் கொள்ளலாகாது. ராஜனின் செயல் மக்களுக்குக் கேடானதே. எமது குற்றச்சாட்டு வேறு. ஆற்றலுள்ள ஒருவனை அந்நிலைக்குத் தள்ளிய சமூக உறவுகளைப் படம் ஒரு கணம் காட்டிவிட்டு, மறுகணம் தேசபக்தியென்னும் திரையால் மூடிவிடுகின்றது. ‘இவனது ஆற்றலுக்கு ஏன் இடமில்லாது போயிற்று?’ என்ற வினாவின் இடத்தில், ‘இவனைக் கொன்றது யார்?’ என்ற வினா நிறுத்தப்படுகின்றது. துப்பறியும் கதையென்னும் வடிவத்தின் அரசியல் இதுதான்.

5

இம்மூடுதல் தவிர்க்கவியலாததா? ஒப்பீட்டுக்காகப் பிற்காலப் படமொன்றை நோக்கலாம். றொமன் பொலான்ஸ்கியின் இயக்கத்தில் 1974இல் வெளியான ‘சைனாரவுன்’ என்னும் அமெரிக்கப் படம், பழைய ‘கறுப்பு’ மரபைப் புதுப்பித்த துப்பறியும் படமாகப் போற்றப்படுவது. துப்பறிபவனின் மூக்கைக் கத்தியாற் கீறுபவனாக இயக்குநரே நடித்தார் என்ற துணுக்கையே இரசிகர் விரும்பிச் சொல்வர். அதனினும் முக்கியமான துணுக்கு, முடிவு குறித்த பிணக்காகும். கொடிய செல்வந்தன் அழிய, அவன் மகள் உயிர்தப்பும் முடிவையே திரைக்கதையாசிரியர் றொபேட் ரவுன் விரும்பினார். பொலான்ஸ்கி அதனை மறுத்து, மகள் இறக்கவும் செல்வந்தன் தப்பவுமாக முடிவை அமைத்தார். அப்படத்திற் குற்றத்தின் வேர் ஒரு தனிமனிதனின் வஞ்சகத்தில் மட்டும் இல்லை. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்கான நீரையும் அந்நீர் பாயவுள்ள நிலத்தையும் சிலர் இரகசியமாகக் கைப்பற்றுவதில் இருக்கின்றது. குளத்து நீரின் பங்கீட்டிலேயே வாழ்வும் வழக்கும் தங்கியுள்ள முத்தையன்கட்டு, வவுனிக்குளம் விவசாயிகளுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. துப்பறிபவன் உண்மையைக் கண்டறிகின்றான். ஆனாற் சொத்துடைமையின் முன் அவ்வுண்மை வலுவற்றுப் போகின்றது. அவ்வகையில், துப்பறியும் வடிவத்தினுள்ளேயே சமூக வினாவைத் திறந்துவைக்க முடியும் என்பதற்கு இப்படம் சான்று. ‘அந்த நாள்’ அக்கதவைத் தட்டியது; திறக்கவில்லை.

இதனினும் நமக்கு அண்மையான மரபொன்று உண்டு. முள்ளியவளையிலும் அயலூர்களிலும் கோவலன் கூத்து நெடுங்காலமாக ஆடப்பட்டு வருகின்றது. வற்றாப்பளைக் கண்ணகியம்மன் வழிபாட்டோடு இம்மக்களின் வாழ்வு பிணைந்துள்ளது. அக்கூத்தும் ஒரு கொலை பற்றியதே. பொய்க் குற்றச்சாட்டும் விசாரணையற்ற தண்டனையும் அதில் உள்ளன. ஆனாற் கொன்றவர் யாரென்பது அங்கே மறைபொருளன்று. முழு ஊரும் அறிந்த உண்மை அது. கூத்திற் கேள்வி கேட்பவள் மனைவி, கேட்கப்படுபவன் அரசன். ‘அந்த நாள்’ இதனை அப்படியே தலைகீழாக்கியுள்ளது. இங்கு கேட்பது அரசு. பதில் கூற நிற்பவள் மனைவி. அங்கு கணவனின் சாவுக்காக அரசை எரிக்கும் பெண், இங்கு அரசின் பகைவனென்பதாற் கணவனைச் சுடும் பெண்ணாகின்றாள். நிலமானிய காலத்து மரபிலுள்ள எல்லாவற்றையும் நாம் போற்ற வேண்டியதில்லை. எனினும், தண்டனை வழங்கிய அதிகாரத்தையே கூண்டில் நிறுத்தும் துணிவு அம்மரபில் இருந்தது என்பதை மறுக்கவியலாது.

அம்மையாரின் வினா இம்மரபிலிருந்தே பிறந்தது என நாம் இப்போது விளங்கிக்கொள்கின்றோம். அவர் ராஜனைக் குற்றமற்றவன் எனவில்லை. விசாரணையும் கேள்வியும் இன்றி ஏன் கொல்லப்பட்டான் என்றே கேட்டார். 2009 வரையான மூன்று தசாப்தங்களிற் துரோகி என்ற சொல்லும், பயங்கரவாதி என்ற சொல்லும் இம்மண்ணில் எத்தனை பேரின் உயிரை விசாரணையின்றிப் பறித்தன என்பதை அவ்வயதினருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயுதம் தாங்கிய ஒவ்வொரு தரப்பும் தன் தீர்ப்பையே மக்களின் தீர்ப்பென்றது. அச்சொற்களைச் சூட்டியவர்களை நோக்கிக் கேள்வி கேட்க இயலாதிருந்த ஒரு தலைமுறை, பழைய படமொன்றின் முன்னிருந்து அதனைக் கேட்கின்றது. 1954இற் சென்னையிற் கைதட்டலுக்கென வைக்கப்பட்ட முடிவு, முள்ளியவளையில் மௌனத்தோடு பார்க்கப்பட்டது. ஒரு படைப்பின் பொருள் அதன் காலத்தோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதுவே போதிய சான்றாகும்.

மாணவரின் வினாக்களுக்குத் திரும்புவோம். பலர் உழைத்த படச்சுருளை எரிக்க ஒருவருக்கு உரிமை உண்டா என்பதும், ஒரு மனிதனைத் துரோகியென்று முடிவுசெய்து கொல்ல ஒருவருக்கு உரிமை உண்டா என்பதும் வெவ்வேறு பாரமுடைய வினாக்கள்தாம். மனித உயிரும் படச்சுருளும் ஒன்றல்ல. ஆயினும், இரண்டும் அதிகாரம் எங்கிருந்து பெறப்படுகின்றது, யாருக்கு அது பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ளது என்ற ஒரே விசாரணைக்கே நம்மை இட்டுச் செல்கின்றன. திரைக்குப் பின்னால் நடந்தவற்றைக் கேட்கும் மாணவரை நாம் வம்பளப்போர் எனக் கண்டிக்க வேண்டியதில்லை. அவ்வினாவை இன்னும் ஒரு படி மேலே கொண்டுசெல்லுமாறு அவர்களுக்கு உதவுதலே தகும். அவ்வாறு உதவத்தக்க சினிமா விமரிசனம் நமது பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளில் இன்னும் வளர வேண்டியுள்ளது.